செயின்சா ட்ரிகர் இறுகிப் போச்சா? லாக்க கழட்டாம, ஸ்பிரிங்க வெட்டாம லேசாக்கற வழி

செயின்சா ட்ரிகர் இறுகிப் போச்சுன்னா நம்ம ஆளுங்க நெறய பேரு மொதல்ல கை வைக்கறது பின் ஹேண்டலுக்கு மேல உள்ளங்கைல அமுங்குமே அந்த லாக்குலதான். ஒண்ணு அத கழட்டி வீசிடறாங்க, இல்லன்னா பழைய மோட்டார் டியூப்ப கீறி இறுக்கமா சுத்தி எந்நேரமும் அமுங்கியே இருக்கற மாதிரி கட்டி வச்சிடறாங்க. நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்ல சின்ன இஞ்சின் ரிப்பேர் பாக்கறவன், புல்லு மெஷினு, செயின்சா, மருந்தடிக்கற பம்பு இதெல்லாம்தான் என் வேல, இந்த சுத்துவட்டாரத் தோட்டங்கள்ல இருந்து வர்ற செயின்சாவுல இப்படி டியூப் சுத்தினது அடிக்கடி வரும். ட்ரிகர் இறுகறதுக்கும் அந்த லாக்குக்கும் பெரும்பாலும் சம்பந்தமே கெடையாது, அழுக்கு, துரு, வளஞ்ச கம்பி, தேஞ்ச ரப்பர் இதுங்கதான் காரணம், அத சரி பண்ணா லாக்கு, பிரேக்கு, ஸ்பிரிங்கு எல்லாம் அது அது எடத்துல இருக்கும்போதே ட்ரிகர் புது மெஷின் மாதிரி ஓடும். அத எப்படி செய்யறதுன்னு முழுசா எழுதறேன், வீட்டுலயே செய்யலாம்.

ஆளுங்க மேல கோவப்பட முடியாது, வலி உண்மையான வலி. கொன்ராக்டர்கிட்ட பால்மரம், அதாவது ரப்பர் மரம், சாய்க்கற ஒரு தம்பி மெஷின கொண்டாந்து வச்சிட்டு, "அண்ணே, இந்த லாக்க எடுத்துடுங்கண்ணே, சாயங்காலம் ஆனா விரலு மடங்க மாட்டேங்குது, சோறு பெசைய முடியலண்ணே"ன்னான். "லாக்க எடுக்காமயே லேசாக்கித் தர்றேன்டா, நீ போயி பசியாறிட்டு வா"ன்னு அனுப்பிட்டு ஹேண்டல தொறந்தா உள்ள ஒட்டுப்பாலு. மரம் வெட்டறப்ப பறக்கற தூளோட பாலும் சேந்து ஹேண்டல் சந்துக்குள்ள போயி கெட்டியாயி, ட்ரிகரோட பின்ன சுத்தி ரப்பர் மாதிரியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இது நம்ம ஊரு பிரச்சன, வெளிநாட்டு மேனுவல்ல இத பத்தி தேடினா கெடைக்காது, பால்மரம் வெட்டறவங்க மெஷினுக்கு இது கட்டாயம் வரும்.

மொதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சிக்கணும், புரியாம ஸ்க்ரூவ கழட்டாதீங்க. பின் ஹேண்டலுக்கு கீழ ட்ரிகரு, மேல லாக்கு. கை ஹேண்டல முழுசா பிடிச்சாதான் உள்ளங்கை லாக்க அமுக்கும், லாக்கு அமுங்கினாதான் அதோட வாலு ட்ரிகர் வழிய விட்டு விலகும், அப்பதான் ட்ரிகர் இழுபடும். ட்ரிகர் இழுபட்டா ஒரு கம்பி, சில மாடல்ல கேபிளு, கார்ப்பரேட்டர்ல இருக்கற சின்ன லீவர தள்ளும் இல்ல இழுக்கும், காத்து வழி தொறக்கும், இஞ்சின் ஏறும். கைய விட்டா ட்ரிகரும் லாக்கும் ஸ்பிரிங் பலத்துல திரும்பி வரணும், நல்ல மெஷின்கள்ல ரெண்டுக்கும் தனித்தனி ஸ்பிரிங்கு, ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு வேல செய்யணும்னுதான் அப்படி வச்சிருக்கான். கார்ப்பரேட்டர் லீவர்லயும் இன்னொரு ஸ்பிரிங் இருக்கு. ஆக நீங்க விரல்ல உணர்ற கனம் ரெண்டு வகை, ஸ்பிரிங்கோட பலம் ஒண்ணு, உரசல் ஒண்ணு. ஸ்பிரிங் பலம் இருந்தே ஆகணும். உரசல்தான் நம்ம எடுக்க வேண்டியது. விரல் வலி வர்றதும் பெரும்பாலும் இந்த உரசலாலதான், சுத்தம் பண்ண மெஷின ஒரு வாட்டி பிடிச்சுப் பாத்தவங்களுக்கு இது தெரியும்.

லாக்கு எதுக்கு இருக்குன்னு சில பேரு கேக்கறாங்க, நான்தான் கவனமா இருக்கேனேன்னு. கணக்கு சொல்றேன். 3/8 பிட்ச் (கண்ணி அளவு) செயினு, அத ஓட்டற 7 பல்லு ஸ்ப்ராக்கெட்டு, இஞ்சின் நிமிஷத்துக்கு 9000 சுத்துன்னா செயின் வினாடிக்கு 20 மீட்டர் ஓடுது. ஒரு மனுஷன் ஏதோ ஆச்சுன்னு உணர்ந்து விரல எடுக்கறதுக்கு வினாடில அஞ்சுல ஒரு பங்கு ஆகும்னு வச்சாலும், அதுக்குள்ள நாலு மீட்டர் செயின் ஓடி முடிஞ்சிருக்கும். சாய்ச்ச மரத்து மேல கால் வச்சு தாண்டறப்ப ஒரு கொடி, ஒரு சுள்ளி ட்ரிகர்ல மாட்டி இழுத்தா போதும், லாக்கு இருந்தா ஒண்ணும் ஆகாது, டியூப் சுத்தின மெஷின்ல செயின் ஓடும், அது எங்க இருக்குதுன்னா உங்க தொடைக்கு பக்கத்துல. வழுக்கி விழுந்தா கை ஹேண்டல விடும், விட்ட உடனே ட்ரிகர் பூட்டிக்கணும். அதுக்குத்தான் அது.

சரி வேலைக்கு வருவோம். சாமான் பெருசா ஒண்ணும் வேணாம். பெரும்பாலான செயின்சாவுக்கு T27 டார்க்ஸ் (நட்சத்திர வாய்) ஸ்க்ரூடிரைவர் போதும், கூடவே மெஷினோட வர்ற 13, 19 காம்பி ஸ்பேனர், பழைய பல்லு பிரஷ்ஷு, மூங்கில் குச்சி இல்ல சாத்தே குச்சி, பாத்திரம் கழுவற சோப்பு, கந்தத் துணி, 600ம் 1000மும் நம்பர் வாட்டர் பேப்பரு, பின்ன தட்டி எடுக்க சின்ன இரும்பு பஞ்ச், உலர்ந்த டெஃப்லான் ஸ்ப்ரே ஒரு டின்னு. கண்ணுக்கு கண்ணாடி கட்டாயம், ஸ்பிரிங் தெறிச்சா நேரா மூஞ்சிக்குதான் வரும். ஒரு வெள்ள துண்ட மேசைல விரிச்சு அதுமேல வேல செய்ங்க, விழுந்த சாமான் உருளாது, துரு நெறத்துல இருக்கற சின்ன ஸ்பிரிங்கு கூட பளிச்சுன்னு தெரியும்.

இஞ்சின் முழுசா ஆறி இருக்கணும். சுவிட்ச்ச ஆஃப் பண்ணு, பிளக் கேப்ப இழுத்து கழட்டி ஓரமா தள்ளி வை, இத செய்யாம அடுத்த வரிக்கு போகாதீங்க. செயினையும் அது சுத்தி ஓடற நீள இரும்புத் தகடு, அதான் பாரு, அதையும் கழட்டி வச்சிட்டா இன்னும் நல்லது, கையும் கிழியாது, மெஷினும் மேசைல நேரா நிக்கும். கழட்டறதுக்கு முன்ன செயின் பிரேக்க (முன் ஹேண்டலுக்கு முன்னாடி நிக்கற கை மறைப்புதான் அதோட லீவரு) விடுவிச்சுக்கங்க, பிரேக் மாட்டின நெலமைல பார் பக்கத்து மூடிய கழட்டினா சில மாடல்ல திரும்ப மாட்டறது பெரிய தலவலி. பெட்ரோல் டேங்க காலி பண்ணிடுங்க, மெஷின படுக்க வைக்கறப்ப ஒழுகும்.

இப்ப மேல் மூடி, ஏர் ஃபில்டர் ரெண்டையும் எடுத்தா கார்ப்பரேட்டர் தெரியும், அதோட லீவர்ல ட்ரிகர்ல இருந்து வர்ற கம்பி கொக்கி போட்டு நிக்கும். ஏர் ஃபில்டர் எடுத்த எடத்துல ஒரு சுத்தமான துணிய அடைச்சு விடுங்க, தூளு உள்ள போனா பிஸ்டனுக்கு கேடு. இனி செய்யப் போறதுதான் மொத்த வேலைலயும் முக்கியமான எடம், நெறய பேரு இத செய்யாம நேரா ஹேண்டல பிரிச்சுடறாங்க. அந்த கம்பிய கார்ப்பரேட்டர் லீவர்ல இருந்து கழட்டுங்க. இப்ப ட்ரிகர் தனி, கார்ப்பரேட்டர் தனி. லாக்க அமுக்கிக்கிட்டு ட்ரிகர மட்டும் இழுத்து விட்டுப் பாருங்க. அப்புறம் விரல் நுனியால கார்ப்பரேட்டர் லீவர மட்டும் தொறந்து விட்டுப் பாருங்க. எது சொரசொரன்னு இருக்குதோ, எது திரும்பி வர தயங்குதோ, நோய் அங்க. ரெண்டும் தனித்தனியா நல்லா ஓடிட்டு சேத்தா மட்டும் இறுகுதுன்னா நடுவுல இருக்கற கம்பில கோளாறு. இந்த ஒரு சோதன பண்ணிட்டா தேவையில்லாம எதையும் பிரிக்க வேண்டியதில்ல.

ட்ரிகர் பக்கம்தான் கோளாறுன்னா ஹேண்டல் மூடிய கழட்டணும். பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூ ரெண்டு ஸ்க்ரூதான், சில மாடல்ல கொக்கி மட்டும், மெதுவா நெம்பினா வந்துடும். தொறந்த உடனே எதையும் தொடாம ஃபோன்ல படம் எடுங்க, ரெண்டு பக்கமும் எடுங்க, ஸ்பிரிங்கோட கால் எந்தப் பள்ளத்துல உக்காந்திருக்குன்னு தெளிவா தெரியணும், ஏன்னா அந்தக் காலு ஒரு பள்ளம் தள்ளி உக்காந்தா லாக்கு திரும்பாது, இல்ல ட்ரிகர் பாதில நிக்கும். படம் எடுத்துட்டு ஸ்பிரிங்க ஒரு விரலால அமுக்கி பிடிச்சுக்கிட்டு பின்ன அந்த இரும்பு பஞ்ச் வச்சு லேசா தட்டி வெளிய தள்ளுங்க. பிளாஸ்டிக் பின்னா இருந்தா தட்டாதீங்க, தள்ளுங்க.

அழுக்கு எடுக்கறதுல அவசரம் கூடாது. எண்ணெயும் மரத்தூளும் சேந்த அழுக்குன்னா சோப்புத் தண்ணி, பிரஷ்ஷு, முடிஞ்சுது. பால்மரத்து ஒட்டுப்பாலு தண்ணிக்கு கரையாது, காஞ்சு போனத விரலால உருட்டினா இழுத்துக்கிட்டு வரும், மிச்சத்த குச்சியால நோண்டி எடுங்க, அதான் சரியான வழி. தின்னரு, பெட்ரோலு ஊத்தி கழுவறத பாத்திருக்கேன், சீக்கிரம் போகுதுங்கறது உண்மைதான், ஆனா ஹேண்டல் பிளாஸ்டிக்கும் அதிர்வு தாங்கற ரப்பரும் அதுல கெட்டுப் போகும், இன்னிக்கு ஒண்ணும் தெரியாது, பின்னாடி வெடிப்பு விடும். ஸ்க்ரூடிரைவர் நுனி, கத்தி நுனி எதையும் உள்ள விட்டு சொரண்டாதீங்க, கீறல் விழுந்த எடத்துல அழுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். செம்பனக் காட்டுல வேல செய்யற மெஷின்ல நாரு இருக்கும், முடி மாதிரி மெல்லிசா பின்ன சுத்தி இருக்கும், வெளிச்சத்துல காட்டி பாத்து ஒவ்வொண்ணா உருவி எடுங்க.

இரும்புப் பின்ல துரு இருந்தா 600 பேப்பர தண்ணில நனச்சு பின்னோட நீளவாக்குல தேச்சு, அப்புறம் 1000ல தேச்சு விடுங்க. துருவ எடுக்கறதோட நிறுத்திக்கங்க. பளபளன்னு ஆகணும்னு தேச்சுக்கிட்டே இருந்தா பின் மெலிஞ்சிடும், மெலிஞ்சா ட்ரிகர் பக்கவாட்டுல ஆடும், ஆடினா லாக்கோட வாலு ட்ரிகர சரியா தடுக்காது. பின் நடுவுல பள்ளம் விழுந்து இருந்தாலோ வளஞ்சு இருந்தாலோ தேக்கவே வேணாம், மாத்துங்க. அந்த பின் போற ஓட்டையும் அப்படித்தான், உள்ள ஒட்டி இருக்கற அழுக்க துணித் திரி போட்டு தொடச்சா போதும், டிரில் பிட்ட விட்டு பெருசாக்காதீங்க. ஓட்ட முட்டை வடிவத்துல தேஞ்சிருந்தா ட்ரிகரயே புதுசா வாங்கிடுங்க.

இப்ப கை வைக்கவே கூடாத ரெண்டு எடம். ஒண்ணு, லாக்கோட வாலும் ட்ரிகரும் ஒண்ண ஒண்ணு முட்டி நிக்கற அந்த முகம். அங்க அரம், பேப்பர், கத்தி எதுவும் வேணாம், துணியால தொடைக்கறதோட சரி. அந்த முகம் ஒரு நூல் தேஞ்சாலும் லாக்கு பாக்க நல்லா இருக்கும், ஆனா கொஞ்சம் பலமா இழுத்தா ட்ரிகர் தாண்டி வந்துடும், இது டியூப் சுத்தினத விட மோசம், ஏன்னா டியூப்பு கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. இன்னொண்ணு ஸ்பிரிங்கு. ஒரு சுத்த வெட்டி எடுக்கறது, காலை வளச்சு விடறது, பேனா ஸ்பிரிங்க போடறது இதெல்லாம் பாத்திருக்கேன், ட்ரிகர் பஞ்சு மாதிரி ஆயிடும், மறுக்கல. ஆனா அந்த ஸ்பிரிங்க உங்க விரலுக்கு எதிரா வேல செய்யறதா மட்டும் நெனைக்காதீங்க, மழைல நனஞ்சு தூளு ஏறி பாதி அழுக்கான நெலமைலயும் ட்ரிகர திருப்பிக் கொண்டு வர்ற அளவுக்கு கணக்கு பண்ணி வச்ச பலம் அது. கடைல சுத்தமா இருக்கறப்ப வெட்டின ஸ்பிரிங்கும் திரும்பும், காட்டுல மூணாவது டேங்க் பெட்ரோல் ஓடறப்ப திரும்பாது. பழைய ஸ்பிரிங் துரு பிடிச்சோ வாய் பொளந்தோ இருந்தா அதே மாடலுக்கான புது ஸ்பிரிங்கு வாங்கிப் போடுங்க, பெரிய விலை கெடையாது, நெறய நேரம் அது மாத்தினதுலயே ட்ரிகர் ஓட்டம் சீராயிடும்.

கம்பில கோளாறுன்னா பாருங்க, அது வளஞ்சிருக்கும், இல்லன்னா ஹேண்டல்ல இருந்து இஞ்சின் பக்கம் போற எடத்துல ஒரு ரப்பர் புஷ்ஷு இருக்கும், அது எண்ணெய்ல ஊறி வீங்கி கம்பிய பிடிச்சிருக்கும். புஷ்ஷ மாத்துங்க, எடுத்து வீசிட்டு சும்மா விடாதீங்க, அந்த வழியா தூளு நேரா கார்ப்பரேட்டர் பக்கம் போகும். வளஞ்ச கம்பிய கண்ணளவுல நிமித்தறது சரியா வராது, நீளம் மாறிடும், ஒண்ணு முழு த்ராட்டில் கெடைக்காது, இல்லன்னா ஐடில்ல, அதாவது ட்ரிகர தொடாம இஞ்சின் சும்மா ஓடறப்ப, முழுசா மூடாது, அதனால புது கம்பிதான். இதுல பல பேரு கவனிக்காத ஒரு விஷயம், அதிர்வு தாங்கற ரப்பரோ ஸ்பிரிங்கோ பிஞ்சு போயிருந்தா ஹேண்டலுக்கும் இஞ்சினுக்கும் இருக்கற எடைவெளி மாறிடும், அப்ப கம்பி எந்நேரமும் இழுபட்டே நிக்கும், ட்ரிகர எவ்ளோ சுத்தம் பண்ணாலும் இறுக்கம் போகாது, சில நேரம் ஹேண்டல ஒரு பக்கம் அழுத்தினா இஞ்சின் தானா ஏறும். மெஷின முன் ஹேண்டல்ல பிடிச்சு பின் ஹேண்டல ஆட்டிப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் தொளதொளன்னு போச்சுன்னா அந்த ரப்பர மாத்துங்க. விரல் மரத்துப் போகுதுன்னு சொல்றவங்க மெஷின்ல இதையும் கட்டாயம் பாக்கணும், ஏன்னா ட்ரிகர் இறுக்கமும் அதிர்வும் ரெண்டும் சேந்துதான் அந்தக் கைய கெடுக்குது.

கார்ப்பரேட்டர் லீவர் சொரசொரன்னு இருந்தா அதோட தண்டு ரெண்டு பக்கமும் வெளிய வர்ற எடத்துல தூளு பிடிச்சிருக்கும், கார்ப் கிளீனர பிரஷ்ல தொட்டு அந்த எடத்துல மட்டும் தடவி லீவர தொறந்து தொறந்து மூடுங்க. டின்ன பிடிச்சு எல்லா ஓட்டையிலயும் பீச்சி அடிக்காதீங்க, உள்ள இருக்கற டயாஃப்ரம் ரப்பர் கெட்டுடும். லீவர கைய விட்டா டக்குன்னு அடிச்சு மூடணும், மெதுவா ஊர்ந்து மூடுதுன்னா தண்டோ அதோட ஸ்பிரிங்கோ போயிடுச்சு, அத கார்ப்பரேட்டர் வேல தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துடுங்க.

எல்லாம் சுத்தமாயி காஞ்ச பிறகுதான் மசகு. இங்க எண்ணெய், கிரீஸ், டபிள்யூடி-40 எதுவும் வேணாம். மொதல் நாள் வழவழன்னு இருக்கும், அப்புறம் மரத்தூள இழுத்து ஒட்ட வச்சு பழைய நெலமைக்கே கொண்டு போயிடும், இறுகிப் போன ஹேண்டல தொறந்தா அநேகமா யாரோ எண்ணெய் விட்ட அடையாளம் இருக்கும். உலர்ந்த டெஃப்லான் ஸ்ப்ரேய துணில அடிச்சு பின்ன மட்டும் தடவி காய விட்டு மாட்டுங்க, அவ்வளவுதான். லாக்கோட முட்டு முகத்துல அதுவும் வேணாம்.

ஃபோன் படத்த பாத்து பாத்து மாட்டுங்க. மாட்டி முடிச்சதும் பிளக் கேப்ப போடறதுக்கு முன்னாடி சோதன. லாக்க தொடாம ட்ரிகர பலமா இழுங்க, அசையக் கூடாது. அசஞ்சா நிறுத்துங்க, பிரிங்க, எங்க தப்பா உக்காந்திருக்குன்னு பாருங்க. அடுத்தது லாக்க அமுக்கி ட்ரிகர முழுசா இழுத்து ரெண்டையும் ஒரே நேரத்துல விடுங்க, ரெண்டும் டக்குன்னு திரும்பி பூட்டிக்கணும். மெஷின சாய்ச்சு வச்சும், தலகீழா பிடிச்சும், மூக்கு கீழ பாக்க பிடிச்சும் இதே சோதனய செய்ங்க, காட்டுல மெஷின நேராவே பிடிச்சுக்கிட்டு யாரும் வேல செய்யறதில்ல. பாதி இழுத்த நெலமைல விட்டும் பாருங்க, பாதில தங்கற ட்ரிகர்தான் ஆளக் கொல்றது.

அப்புறம் பாரு செயின மாட்டி இறுக்கம் பாத்து, தரைல வச்சு, பிரேக் போட்ட நெலமைல ஸ்டார்ட் பண்ணுங்க. ஸ்டார்ட் ஆன உடனே ட்ரிகர ஒரு தட்டு தட்டி ஐடிலுக்கு கொண்டு வந்துடுங்க, பிரேக் போட்டுக்கிட்டே ஏத்தி ஓட்டாதீங்க, கிளட்ச் எரிஞ்சிடும். பிரேக்க விடுவிச்சு பாருங்க, ஐடில்ல செயின் அசையாம நிக்கணும். பல மெஷினுக்கு ஐடில் நிமிஷத்துக்கு 2700, 2800 சுத்து வாக்குல, கிளட்ச் பிடிக்கறது அதுக்கு நல்லா மேலதான். ஐடில்ல செயின் ஊர்ந்துச்சுன்னா ஐடில் ஸ்க்ரூவ குறைங்க, LA இல்லன்னா T ன்னு எழுத்து இருக்கும், பெரும்பாலும் இடது பக்கம் திருப்பினா குறையும். குறைச்சா இஞ்சின் அணையுது, ஏத்தினா செயின் ஓடுதுன்னா கிளட்ச் ஸ்பிரிங்க பாக்கணும். எல்லாம் சரின்னா ஒரு கட்டைய வச்சு முழு த்ராட்டில்ல வெட்டி, கைய விட்டு, இஞ்சின் தயங்காம எறங்குதான்னு காது குடுத்து கேளுங்க.

ட்ரிகரோட நிறுத்தினா வேல பாதிதான், செயின் பிரேக்கயும் இதே கையோட பாத்துடுங்க. முன் ஹேண்டலுக்கு முன்னாடி நிக்கற கை மறைப்புதான் அதோட லீவரு, அது இறுகி கெடந்தா நம்ம ஆளுங்க கழட்டி வீசற அடுத்த சாமான் அதுதான். பாரோட மூக்கு மேல்பாதி எதுலயாவது பட்டா மெஷின் நெத்திய பாத்து எகிறும், அந்த நேரத்துல உங்க மணிக்கட்டு அந்த மறைப்புல பட்டோ, அடியோட வேகத்துலயே அது தானா முன்னாடி சாஞ்சோ பிரேக்க போடணும். அது இல்லாம மரத்துல ஏறி வெட்டறவங்களையும் பாக்கறேன், மனசு பதறுது.

பிரேக் இறுகறதுக்கும் காரணம் அழுக்குதான். கிளட்ச் மூடிய எடுத்து உள்ள கெட்டியா அப்பி இருக்கற எண்ணெய்த் தூள குச்சியால எடுத்து பிரஷ் போடுங்க. கிளட்ச் டிரம்ம சுத்தி ஒரு இரும்புப் பட்டை இருக்கும், அதுல எண்ணெய் பட்டிருந்தா பிரேக் கிளீனர் துணில நனச்சு தொடைங்க, மசகு எதுவும் அந்தப் பட்டைக்கு பக்கத்துல கூட போகக் கூடாது. பட்டை எந்த எடத்துலயும் 0.6 மி.மீ.க்கு கீழ மெலிஞ்சிருந்தா மாத்தணும்னு ஹஸ்க்வர்னா மேனுவல்ல போட்டிருக்கும், மத்த மெஷினுக்கும் அத ஒரு அளவா வச்சுக்கிட்டா தப்பில்ல. லீவர் திரும்பற மூட்டுல மட்டும் துளி கிரீஸ். பிரேக்கோட பெரிய ஸ்பிரிங்க வீட்டுல பிரிக்காதீங்க, அது ட்ரிகர் ஸ்பிரிங் மாதிரி கெடையாது, பலமா தெறிக்கும், அத மட்டும் கடைக்கு கொண்டு வாங்க.

பிரேக்க சோதிக்க ரெண்டு வழி. இஞ்சின் ஆஃப்ல, பிரேக் விடுவிச்ச நெலமைல, வெட்டின மரத்து அடிக்கட்டைக்கு மேல பாரோட மூக்க ஒரு 35 சென்டிமீட்டர் ஒசரத்துல வச்சு, பின் ஹேண்டல மட்டும் பிடிச்சுக்கிட்டு முன் கைய விடுங்க, மூக்கு கட்டைல அடிச்ச வேகத்துலயே பிரேக் விழணும். அடுத்தது இஞ்சின் ஓடறப்ப, ரெண்டு கையாலயும் கெட்டியா பிடிச்சு, முழு த்ராட்டில் குடுத்து, முன் கைய ஹேண்டல்ல இருந்து எடுக்காம மணிக்கட்டால மறைப்ப முன்னாடி தள்ளுங்க, செயின் உடனே நிக்கணும், நின்ன உடனே ட்ரிகர விட்டுடுங்க. கொஞ்ச தூரம் இழுத்துக்கிட்டு போயி நின்னா பட்டை தேஞ்சிருக்கு.

இவ்வளவும் செஞ்சும் மெஷின் கனமா இருக்குன்னு ஒருத்தர் சொன்னா நான் அடுத்து பாக்கறது செயின் பல்ல. மழுங்கின செயினுக்கு ஆளு முழு த்ராட்டில விடாம பிடிச்சு மெஷின மேல இருந்து அழுத்தறாரு, விரல் வலிக்காம என்ன செய்யும். 3/8 செயினுக்கு 5.2 மி.மீ. உருண்ட அரம், சின்ன மெஷின்ல வர்ற லோ புரொஃபைல் 3/8க்கு 4 மி.மீ., 0.325க்கு 4.8 மி.மீ., எல்லா பல்லுக்கும் ஒரே அளவு தள்ளு. பல்லுக்கு முன்னாடி நிக்கற குட்ட முட்ட கண்ணளவுல தேக்காதீங்க, சாதாரண 3/8, 0.325 செயினுக்கு அந்த முட்டு பல்லு நுனிய விட 0.65 மி.மீ. தாழ்வா இருக்கணும், அதுக்கு அளவுகோல் ஹார்ட்வேர் கடைல கெடைக்கும். வேகமா கடிக்கட்டும்னு அந்த முட்ட ரொம்ப எறக்கினா மெஷின் எகிறறது அதிகமாகும்.

தோட்டத்துல மண்டோரா (ஆளுங்கள மேய்க்கற கங்காணியா) இருக்கறவங்க, சொந்தமா ஆள் வச்சு மரம் வெட்டற கொன்ராக்டர் அண்ணன்மாருங்க ஒண்ணு பாத்துக்கங்க. காலைல மெஷின எடுத்துக் குடுக்கறப்ப லாக்க தொடாம ட்ரிகர ஒரு இழு, மறைப்ப ஒரு தள்ளு, அதுக்கு ஆகற நேரம் ஒரு மூச்சுதான். டியூப் சுத்தின மெஷின பாத்தா பையன திட்டாதீங்க, அவன் கை வலிக்குதுன்னுதான் சுத்தி இருப்பான், மெஷின வாங்கி சுத்தம் பண்ண அனுப்பிட்டு அன்னிக்கு வேற மெஷின குடுங்க. 1994ல வந்த வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி வேலைக்கு குடுக்கற மெஷின் பாதுகாப்பா இருக்கணும்ங்கறது குடுக்கறவர் பொறுப்பு, வெட்டறவன் பொறுப்பு மட்டும் இல்ல.

ஏற்கெனவே லாக்கு தொலஞ்சு போன மெஷினா இருந்தா, மூடி மேல மாடல் பேரும் நம்பரும் இருக்கும், அத படம் எடுத்துக்கிட்டு ஈப்போவுலயோ உங்க ஊருலயோ அந்த பிராண்டு டீலர்கிட்ட காட்டி லாக்கு, ட்ரிகரு, ஸ்பிரிங்கு, பின்னு நாலையும் ஒண்ணா கேளுங்க. பழைய ட்ரிகரோட புது லாக்கு சில நேரம் சரியா முட்டாது, அதனாலதான் ஒண்ணா வாங்கச் சொல்றேன். வேற மாடல்ல இருந்து எடுத்து அரம் போட்டு பொருத்தற வேல வேணாம். சாமான் வர்ற வரைக்கும் மெஷின ஸ்டோர்ல வச்சு பூட்டுங்க, பிளக்க கழட்டி தனியா வச்சிடுங்க, யாராவது அவசரத்துக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க.